இன்ஃப்ராரெட் ஃபிலிம் வீட்டில் கழுவினால் இலை வெள்ளையாக வரவில்லை, டெவலப்பர்தான் காரணமா?

காவிரிக்கரை_35:

வணக்கம். சாதாரண கருப்பு வெள்ளை ரோல்களை வீட்டிலேயே கழுவிப் பழக்கம் உண்டு. டி-76 டெவலப்பர், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர்), பேட்டர்சன் டேங்க் எல்லாம் கையில் இருக்கிறது. இலை வெள்ளையாக, வானம் கருப்பாகத் தெரியும் இன்ஃப்ராரெட் படம் எடுக்க ரொம்ப நாள் ஆசை. அதற்காக இப்போது ரோலெய் இன்ஃப்ராரெட் 400 ஒரு 35 மிமீ ரோலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து இன்ஃப்ராரெட்டை விடும் ஹோயா ஆர்72 ஃபில்டரும் வாங்கி, முக்கொம்புப் பக்கம் வாழைத்தோப்பிலும் ஆற்றங்கரையிலும் நல்ல வெயிலில் எடுத்தேன். கேமரா பழைய மேனுவல் எஸ்எல்ஆர். ஐஎஸ்ஓ 400 வைத்து, ஃபில்டரை மாட்டிய பிறகு மீட்டர் என்ன சொன்னதோ அதைத்தான் வைத்தேன், பெரும்பாலும் எஃப் 8-ல் 1/250 காட்டியது.

டி-76-ஐத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்து கழுவினேன், தண்ணீர் 29 டிகிரி இருந்தது, அதற்கு ஏற்றபடி நேரத்தைக் குறைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் ஃபில்டர் போட்ட ஃபிரேம்கள் எல்லாம் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. வாழை இலை எங்கே, வானம் எங்கே என்று விளக்கில் பிடித்துத் தேட வேண்டியிருக்கிறது. ஃபில்டர் இல்லாமல் எடுத்த சில ஃபிரேம்கள் மட்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. ரோலின் ஆரம்பத்தில் முதல் மூன்று நான்கு ஃபிரேம்களுக்குக் குறுக்கே புகை மாதிரி ஒரு பட்டை வேறு.

கேள்வி இதுதான்: இன்ஃப்ராரெட் ஃபிலிமுக்கென்று தனி டெவலப்பர் வேண்டுமா? டி-76-லேயே இன்னும் அதிக நேரம் வைத்திருந்தால் இலை வெள்ளையாக வந்திருக்குமா? அந்தப் பட்டை எதனால்?

ஹைப்போ_மாமா:

தம்பி, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஃபில்டர் இல்லாத ஃபிரேம் நன்றாக வந்திருக்கிறது என்கிறீர்கள். அதுவும் அதே டேங்க், அதே டி-76, அதே நேரம்தானே? இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். ரோலின் நாக்கு, அதாவது லோட் பண்ணும்போது வெளிச்சம் பட்ட முனை, அட்டைக் கருப்பாக இருக்கிறதா? அதன் வழியே ட்யூப்லைட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியக்கூடாது. அப்படி இருந்தால் கழுவலில் ஒரு குறையும் இல்லை. குறை கேமராவுக்குள் நடந்தது.

இன்ஃப்ராரெட் ஃபிலிம் என்றால் ஏதோ வேறு ஜாதி ரசாயனம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வெள்ளி உப்பு எல்லா ஃபிலிமிலும் ஒன்றுதான். அது தானாகப் பார்ப்பது நீலத்தையும் அதற்குக் கீழே உள்ளதையும் மட்டும்தான். பச்சையையும் சிவப்பையும் பார்க்க அதில் சாயம் சேர்ப்பார்கள், இந்த ஃபிலிமில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிற சாயம் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஷட்டர் மூடிய பிறகு அந்தத் துகளை எழுப்பியது எந்த ஒளி என்று டெவலப்பருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதிக நேரம் வைத்தால் ஏற்கெனவே பதிந்த இடம் இன்னும் கருக்கும், பதியாத இடத்தில் எதுவும் முளைக்காது. அடிமட்டப் புகை, அதாவது ஒளி படாத இடத்திலும் படியும் மங்கல், மட்டும் ஏறும்.

இனி எக்ஸ்போஷர். ஆர்72 என்பது ஏறத்தாழ 720 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைக் கிட்டத்தட்ட முழுக்க அடைத்துவிடும். இந்த ஃபிலிம் 820 வரை பார்க்கும் என்று போட்டிருந்தாலும் 750-ஐத் தாண்டினால் அதன் பார்வை வேகமாக மங்கிவிடும். அப்போது மிஞ்சுவது ஒரு ஒடுங்கிய சந்து. 400 என்று பெட்டியில் இருக்கிற எண்ணை ஃபில்டர் மாட்டியதும் மறந்துவிடுங்கள், 12 அல்லது 6 என்று நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எஃப் 8 என்றால் 1/30, 1/15, 1/8 என்று மூன்று போடுங்கள், ஒன்றாவது உட்காரும். நீங்கள் வைத்த 1/250 மூன்று நான்கு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). கண்ணாடி மாதிரி வராமல் வேறு எப்படி வரும்?

மீட்டர் ஏன் ஏமாற்றியது என்றால், அதில் இருக்கும் சிலிக்கான் செல்லுக்கு இன்ஃப்ராரெட் நன்றாகவே தெரியும், உங்கள் ஃபிலிமைவிட அதிகமாகவே தெரியும். நிறைய வெளிச்சம் இருக்கிறதே என்று அது சந்தோஷமாகச் சொல்லிவிட்டது. ஃபில்டரைக் கழற்றி, ஐஎஸ்ஓ 12-ல் வைத்து அளந்துகொண்டு, பிறகு மாட்டுங்கள். ட்ரைபாட் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கவே வேண்டாம், எஸ்எல்ஆரில் ஃபில்டர் மாட்டினால் வ்யூஃபைண்டரும் இருட்டாகிவிடும்.

நாங்கள் ஸ்டுடியோவில் வேலை பார்த்த காலத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற ரோல்தான் கழுவுவோம். அப்போதும் நெகட்டிவ் வெளிறினால் முதலில் திட்டு வாங்குவது டெவலப்பர்தான்.

மங்கல்_வெளிச்சம்:

பட்டை பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஃபிலிமின் அடிப்படைத் தகடு பாலியெஸ்டர், வழக்கமான ரோல்களில் இருக்கும் அசிடேட் இல்லை. கையால் கிழிக்க முயன்று பாருங்கள், விரல்தான் வலிக்கும். இது தெளிவான தகடு என்பதால் வெளிச்சம் அதன் முனையில் நுழைந்து, கண்ணாடி இழையில் போவது போல உள்ளே ஓடும். கேசட் வாயில் இருக்கும் வெல்வெட் வெளியே இருந்து வரும் ஒளியைத்தான் தடுக்கும், தகட்டுக்குள்ளேயே ஓடும் ஒளியை அது என்ன செய்ய முடியும்? வெயிலில் நின்றுகொண்டு லோட் பண்ணினீர்களா? ஆரம்ப ஃபிரேம்களில் மட்டும் புகை, போகப் போகக் காணோம் என்றால் இதுதான். வீட்டுக்குள் திரைச்சீலை போட்ட அறையில் லோட் பண்ணுங்கள், எடுத்து முடித்ததும் நாக்கு வெளியே நிற்காதபடி முழுக்கச் சுற்றிவிடுங்கள், கேசட்டை அதன் கருப்பு டப்பாவிலேயே வையுங்கள். கேமராவின் பின்கதவில் ஃபிலிம் பெயர் தெரிவதற்கென்று ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் அதன் மேல் கருப்பு டேப் ஒட்டுங்கள்.

பிறகு சேஞ்சிங் பேக், அதாவது இருட்டறை இல்லாமல் கையை விட்டு ஃபிலிமை டேங்கில் ஏற்றும் கருப்புத் துணிப் பை. கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் சில துணிகளும் சில பிளாஸ்டிக்குகளும் இன்ஃப்ராரெட்டைத் தாராளமாக விடும். இதைச் சோதிக்க டிவி ரிமோட் போதும். ரிமோட்டின் மூக்கை பைக்குள் விட்டு ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே இருந்து மொபைலின் செல்ஃபி கேமராவில் பாருங்கள். துணி வழியே ஊதா வெள்ளையாக ஒரு பொட்டு மின்னினால் பை இந்த வேலைக்குச் சந்தேகம்தான். (முதலில் பை இல்லாமல் ரிமோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில மொபைல்களில் பொட்டே தெரியாது.) ரிமோட் 940 நானோமீட்டர் பக்கம், உங்கள் ஃபிலிம் அவ்வளவு தூரம் பார்க்காது, ஆனாலும் இதில் தேறிய பை பெரும்பாலும் போதும். டேங்க் மூடியையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள்.

பாத்ரூமில் லோட் பண்ணுகிறவர் என்றால் கீசரின் சிவப்பு விளக்கை மறக்க வேண்டாம். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் கழற்றி வெளியே வையுங்கள், நாடித்துடிப்பு பார்க்க அதன் அடியில் எல்ஈடி எரிந்துகொண்டே இருக்கும்.

கேமரா மாற்றுகிற எண்ணம் வந்தால் இன்னொன்று: தானாக ஃபிலிம் சுற்றும் எலக்ட்ரானிக் கேமராக்களில் சில, ஃபிலிம் ஓரத்து ஓட்டைகளை எண்ணுவதற்கு உள்ளேயே இன்ஃப்ராரெட் விளக்கு வைத்திருக்கும். அதில் போட்டால் ரோலின் ஓரம் புகைய வாய்ப்பு உண்டு. உங்களுடையது மேனுவல் என்பதால் கவலை இல்லை.

டிகிரி_காபி:

ப்ரோ, இவ்வளவு யோசிப்பதற்குப் பதில் கேஃபினால், அதாவது காபித்தூளில் செய்யும் டெவலப்பர், போட்டுப் பாருங்களேன். லிட்டருக்கு இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், சலவைச் சோடா 54, வைட்டமின் சி 16. 20 டிகிரியில் 15 நிமிடம். கடையில் மெட்டால், ஹைட்ரோகுவினோன் தேடி அலைய வேண்டாம். நாற்றம் மட்டும் கொஞ்சம் சகித்துக்கொள்ள வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் காபி குடிப்பதை நிறுத்திவிடும் அபாயம் உண்டு.

ஹைப்போ_மாமா:

கேஃபினால் வேலை செய்யும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் விற்கும் இன்ஸ்டன்ட் காபி ரகங்கள் பல சிக்கரி கலந்தவை. சிக்கரியைக் காபி மாதிரி நம்ப முடியாது. சிக்கரி இல்லாத தூள், அதுவும் மலிவான ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். சோடாவில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும். வேக ஃபிலிமில் புகையும் அதிகம், அதைத் தடுக்கப் பொட்டாசியம் புரோமைடு சேர்க்க வேண்டும். சோதனை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை. ஃபில்டர் புதிது, ஃபிலிம் புதிது, டெவலப்பரும் புதிது என்றால் எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தம்பிக்குப் பழகிய டி-76 இருக்கட்டும்.

காவிரிக்கரை_35:

நாக்கு அட்டைக் கருப்பு, மாமா. சந்தேகம் தீர்ந்தது. லோட் பண்ணியது பைக் டேங்க் மேல் வைத்துத்தான், நடு வெயிலில்.

அடுத்த ரோலுக்கு முன் ஒன்று கேட்க வேண்டும். இங்கே சித்திரையில் குழாயைத் திறந்தால் 33, 34 டிகிரியில் வருகிறது. எல்லா அட்டவணையும் 20 டிகிரி என்கிறது. ஏசி அறை கிடையாது. 29-லேயே கழுவலாமா, இல்லை ஐஸ் போட்டு 20-க்குக் கொண்டுவர வேண்டுமா?

வெண்காரம்:

இந்த ஊரில் கழுவுகிறவர்களுக்கு ஃபிலிம் எதுவானாலும் பாதிப் பிரச்சினை வெப்பம்தான், மீதிப் பிரச்சினை போர் தண்ணீர்.

20-க்குக் கொண்டுவர மல்லுக்கட்ட வேண்டாம். அறை 33-ல் இருக்கும்போது 20-ல் ஆரம்பித்தால் டேங்க் நடுவிலேயே சூடாகிக்கொண்டு போகும், கடைசியில் எந்த வெப்பநிலையில் கழுவினோம் என்பதே தெரியாது. 24-ஐக் குறி வையுங்கள். அட்டவணையில் 20-ல் 10 நிமிடம் என்றால் 24-ல் ஏறத்தாழ 7 நிமிடம், 27-ல் ஐந்தரை, ஐந்தே முக்கால். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றும்போதும் கொட்டும்போதும் ஆகும் தாமதமே படத்தில் தெரியும், வானம் திட்டுத் திட்டாக வரும். இன்ஃப்ராரெட்டில் வானம் பெரிய ஒரே கருப்புப் பரப்பு, அதில் ஒரு திட்டு விழுந்தால் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். அதனால்தான் ஸ்டாக்கை (தண்ணீர் சேர்க்காத மூலக் கரைசலை) அப்படியே ஊற்றாமல் ஒன்றுக்கு ஒன்று கலப்பது நமக்கு நல்லது, நேரம் நீளும்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃப்ரீசரில் உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டிலை மூடியோடு உள்ளே போடுங்கள். ஐஸைக் கட்டியாகவே கொட்டினால் எந்த நேரத்தில் எங்கே குளிர்ந்தது என்று சொல்ல முடியாது. டெவலப்பர், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் கரைசல், ஃபிக்ஸர், கழுவுகிற முதல் தண்ணீர் எல்லாம் அதே தொட்டியில் நிற்கட்டும். எல்லாம் ஒரே சூட்டில் இருப்பது அந்தச் சூடு எவ்வளவு என்பதைவிட முக்கியம். குளிர்ந்த டெவலப்பரில் இருந்து எடுத்து 34 டிகிரி குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊதும், மென்மையாகும், நகம் பட்டால் கூடக் கீறல் விழும்.

கடைசிக் கழுவலுக்குக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. இல்ஃபோர்டு சொல்லும் முறை இது, ஹார்டனர் (ஜெலட்டினை இறுக்கும் மருந்து) கலக்காத ஃபிக்ஸருக்குத்தான் பொருந்தும். மூன்று டேங்க் தண்ணீர்தான் செலவு, அதையும் தொட்டியிலேயே குளிர வைத்துக்கொள்ளலாம்.

பழைய வெப்ப மண்டல வழி ஒன்றும் இருக்கிறது: டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்த்தால் ஜெலட்டின் அவ்வளவாக ஊதாது, ஸ்டாப்புக்குப் பதில் குரோம் படிகாரக் கரைசல் வைத்தால் இறுகிவிடும். ஏசியே இல்லாத காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். இப்போதைய ஃபிலிம்களுக்கு 24-ல் இதற்கெல்லாம் தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தண்ணீர்: டெவலப்பர் கலக்கவும் கடைசியாக முக்கி எடுக்கவும் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். போர் தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் சுண்ணாம்புப் பொட்டுகள் கருப்பு வானம் முழுக்கத் தெரியும். காயும்போது மின்விசிறி வேண்டாம், தூசிக்கு அதைவிட நல்ல வாகனம் இல்லை.

ஆறுக்கு_ஆறு:

கழுவுவது பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் கழுவுவதற்கு முன் உள்ளதைச் சொல்கிறேன், இந்த ஃபிலிமில் முக்கால் வாசி அங்கேதான் முடிவாகிறது.

இலை வெள்ளையாகத் தெரிவது அது சூடாக இருப்பதால் இல்லை, உள்ளிருந்து ஒளிர்வதாலும் இல்லை. பச்சையம் சிவப்பை விழுங்கும், அதைத் தாண்டினால் விழுங்காது. இலைக்குள் காற்றுப் பைகள் நிறைந்த பஞ்சு போன்ற அடுக்கு அந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும். ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910-ல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார், அவர் பெயரில்தான் இதை வுட் விளைவு என்கிறார்கள். ஆகவே புதிய, சதைப்பற்றுள்ள இலையில் வெயில் நேராக விழ வேண்டும். நாற்று விட்டுப் பச்சை பிடித்த வயல், புளியமரம், வேம்பு எல்லாம் பிரமாதமாக வரும். காய்ந்த பனை ஓலையில் ஒன்றும் இல்லை. மேகமூட்டத்தில் எடுத்தால் சாதாரணப் படம்தான், கொஞ்சம் சோகையாக.

ஃபோகஸ்: கண்ணால் சரி பார்த்த பிறகு லென்ஸின் மேல் சிவப்புப் புள்ளியோ கோடோ இருந்தால் தூரத்தை அந்தக் குறிக்கு நகர்த்துங்கள். குறி இல்லாத லென்ஸ் என்றால் எஃப் 11-க்கு மூடுங்கள், பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

பழைய படங்களில் வெள்ளை இலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி பொங்கி நிற்குமே, அதை இதில் எதிர்பார்க்க வேண்டாம். அது கோடாக் எச்ஐஈ, 2007-ல் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒளி திரும்பிச் சிதறாமல் தடுக்கும் அடுக்கே கிடையாது, 900 நானோமீட்டர் வரை பார்க்கும், கும்மிருட்டில்தான் லோட் பண்ண வேண்டும். உங்கள் ரோலில் அந்த அடுக்கு இருக்கிறது. எந்த டெவலப்பரும் அந்த ஒளிவட்டத்தைக் கொண்டுவராது.

காவிரிக்கரை_35:

இரண்டாவது ரோல் முடிந்தது. இருட்டில் கத்தரியால் பாதியாக வெட்டி, முதல் பாதியை மட்டும் 24 டிகிரியில் கழுவினேன். ஒரு ஃபிரேமுக்கு 38 மிமீ என்று கணக்குப் போட்டு அட்டையில் நீளத்தை வெட்டி வைத்துக்கொண்டு, அதை ஃபிலிமோடு ஒட்டிப் பிடித்து வெட்டியதால் ஒரே ஒரு ஃபிரேம்தான் போனது. 1/15 போட்டதில் வாழை இலை நெகட்டிவில் நல்ல கருப்பு, ஸ்கேனில் சுண்ணாம்பு வெள்ளை. ஆறும் கருப்பாக வந்திருக்கிறது. பட்டை இல்லை.

ஆனால் வானம் கருக்கவில்லை. சாம்பலாக, மலைக்கோட்டைக்குப் பின்னால் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கிறது. மீதிப் பாதியை இன்னும் ஒன்றரை நிமிடம் கூட்டிக் கழுவினால் வானம் இறங்குமா?

ஹைப்போ_மாமா:

கூட்டாதீர்கள். கூட்டினால் இலை இன்னும் கருத்துக் கட்டியாகிவிடும், இலை நரம்பு கூட ஸ்கேனில் கிடைக்காது. வானம் கருப்பாக வர அந்த இடத்தில் ஒளி பதியாமல் இருந்திருக்க வேண்டும், பதிந்த பிறகு டெவலப்பர் அதை எடுக்காது. மீதியை அதே நேரத்தில் கழுவுங்கள். இலைகள் இப்போதே கட்டியாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலும் நல்லதுதான்.

ஆறுக்கு_ஆறு:

சூரியன் எந்தப் பக்கம் இருந்தது? நீல வானம் கருக்க வேண்டுமென்றால் வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும், வானமும் உண்மையிலேயே நீலமாக இருக்க வேண்டும். நீலத்தைக் காற்று சிதறடிக்கும் அளவுக்கு இன்ஃப்ராரெட்டைச் சிதறடிக்காது, அதனால்தான் கருப்பு. ஆற்றோரத்தில் கோடையில் அடிவானம் முழுக்க ஈரப்புழுக்கம், அந்த நீர்த்துளிகள் எந்த ஒளியையும் விட்டுவைக்காது, எல்லாவற்றையும் சிதறடித்து வெளுக்க வைக்கும். இன்ஃப்ராரெட் மூட்டத்தைத் துளைக்கும் என்பார்கள், அது தூரத்து மலையின் மேல் தெரியும் மெல்லிய நீலப் புகைக்குச் சரி, மூடுபனிக்குச் சரிப்படாது. அடிவானத்தை விட்டுக் கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள், இல்லாவிட்டால் மழை பெய்து வெறித்த மறுநாள் காலை பத்து மணிக்குப் போங்கள்.

120 என்ற அகல ரோலுக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள். பழைய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் படம் பிடிக்கும் லென்ஸில் மட்டும் ஃபில்டர் மாட்டினால் போதும், மேல் லென்ஸில் எல்லாம் தெரியும். பின்னால் எண் பார்க்கும் சிவப்பு ஜன்னல் இருந்தால் மட்டும் அதைக் கருப்பு டேப்பால் மூடிவிட வேண்டும், பார்க்கிற நொடிக்கு மட்டும், அதுவும் நிழலில், திறக்கலாம்.